உச்சிப்புல்லின் பிறந்த ஊர்

ஓர் ஊரில் ஓர் இரும்பு அலமாரி இருந்தது. அதற்குள் செத்த செடிகள் குடியிருந்தன. செத்தவை என்று மனிதர்கள்தான் சொல்லிக்கொண்டார்கள். கதவைச் சாத்தியதும் உள்ளே பேச்சு தொடங்கிவிடும்.

செடியை வேரோடு பிடுங்கிக் காயவைத்து, கெட்டித்தாளில் ஒட்டி, எந்த ஊரில் யார் எடுத்தது என்று மூலையில் ஒரு சீட்டும் ஒட்டிச் சேர்த்து வைக்கும் கட்டடம் அது. ஹெர்பேரியம் என்று வாசலில் பலகை தொங்கும். ஒவ்வோர் இனத்துக்கும் ஒரு காகித உறை. எந்த ஊரிலிருந்து வந்தாலும் சரி, ஒரே இனத்துச் செடிகள் அந்த ஓர் உறைக்குள்தான் ஒன்றின்மேல் ஒன்றாகப் படுத்திருக்க வேண்டும்.

ஊசிமணிப்புல்லின் உறைக்குள் அப்போது இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவர் தாமிரபரணிக் கரையில் பிடுங்கப்பட்டவர், வயதில் மூத்தவர். பொருநையார் என்று மரியாதையாகக் கூப்பிடுவார்கள். இன்னொருத்தி தெற்குக் கடற்கரையில் ஓர் உப்பள வரப்பிலிருந்து வந்தவள். அவளுக்கு உப்பளத்தாள் என்று பேர். எதையும் பட்டென்று கேட்டுவிடுவாள்.

ஒருநாள் மூன்றாவதாக ஒரு புதுப்புல் வந்து சேர்ந்தது. பசைகூடச் சரியாகக் காய்ந்திருக்கவில்லை.

"ஏட்டி, எந்தூரு நீ?" என்றார் பொருநையார்.

'பன்றித்தாங்கல்' என்று சொல்லத்தான் அவள் வாயெடுத்தாள். அலமாரி இருந்த அதே ஊரின் தென்கோடியில், பஸ் நிறுத்தத்துக்குப் பின்னால் கிடக்கும் சின்ன ஏரி அது. எருமைகள் புரளும், பிள்ளைகள் கல்லெறிந்து விளையாடும். அதன் கரைச் சேற்றில் பிறந்தவள் அவள்.

அதற்குள் பொருநையார் சீட்டைப் படித்துவிட்டார். "ஏயப்பா! ஏழுமுடி மலை, உச்சிப் புல்வெளியா! நம்ம குலத்துல மலையேறுனவ யாருமே கெடையாதே!"

"ஆத்தி! மேகத்துக்குள்ளயா இருந்த?" என்று உப்பளத்தாள் வாயைப் பிளந்தாள்.

நடந்தது என்னவென்று அவளுக்குத் தெரியும். அவளைப் பிடுங்கியவர் சௌரிராஜன் என்ற பேராசிரியர். ஏழுமுடி மலையில் புல் சேகரிக்கத்தான் அவரை அனுப்பியிருந்தார்கள். அடிவாரத்தில் மழை பிடித்துக்கொண்டது. காலில் அட்டை ஏறியது. மனிதர் பாதி வழியில் திரும்பிவிட்டார். வெறும் பையோடு ஊர் வந்து பஸ்ஸைவிட்டு இறங்கியவர், நிறுத்தத்துக்குப் பின்னால் ஒதுங்கியபோது கரையில் நின்ற இவளைப் பார்த்தார். குனிந்து பிடுங்கினார். அன்று மாலையே, மலையுச்சி என்று சீட்டு எழுதினார்.

எழுதியது அவர்தான். ஆனால் உறைக்குள் இரண்டு பேர் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். இதற்கு முன் அவளை யாரும் அப்படிப் பார்த்ததில்லை.

"ஆமா, மேகத்துக்குள்ளதான்" என்றாள் அவள்.

அன்றிலிருந்து அவள் பேர் உச்சி.

பொய் சொல்வது முதல்நாள்தான் கஷ்டமாக இருந்தது. பக்கத்து உறையில் நிஜமாகவே மலையில் பிறந்த புற்கள் இருந்தன. அவை பேசுவதை உச்சி ஒட்டுக்கேட்டு, தன் கதையாக்கிச் சொன்னாள். விடியற்காலையில் இலை நுனியில் பனி கட்டுமாம். வரையாட்டுக் குட்டிகள் வந்து மூக்கால் உரசுமாம். பொருநையார் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். "இன்னொரு தடவை சொல்லுட்டி, அந்த மேகம் வந்து மூடுற கதைய" என்பார். காப்பாளர்கள் மாறி மாறி வந்தார்கள். உறையைத் திறந்த ஒவ்வொருவரும் சீட்டைப் பார்த்துப் புருவம் உயர்த்தி, அவளையே மேலே எடுத்து வைத்தார்கள். கொஞ்ச காலத்தில் உச்சிக்கே தாங்கலின் நினைப்பு குறைந்துபோனது.

அப்போதுதான் தங்கை வந்தாள்.

தங்கையைச் சேகரித்தவர் ஒரு கல்லூரி ஆசிரியை. பார்த்ததைப் பார்த்தபடி எழுதுகிறவர். 'பன்றித்தாங்கல், பஸ் நிறுத்தத்துக்குப் பின்புறம், சேற்றுக்கரை' என்று சீட்டு சொன்னது. கதிர் விடுமுன்னே பிடுங்கப்பட்டவள். வேரில் இன்னும் கறுப்புச் சேறு ஒட்டிக்கொண்டிருந்தது. உறைக்குள் நுழைந்ததும் அவள் கண் உச்சியின்மேல் விழுந்தது.

"அக்கா!"

உச்சி அசையவில்லை.

"அக்கா, நான்தான்! உன் கணுவுலேர்ந்து தழைஞ்சவதான் நானு. பஸ்ஸுலேர்ந்து எறங்குன ஆளு உன்ன இழுத்தப்ப கரையே ஆடுச்சேக்கா! எங்க போனியோன்னு எத்தினி மழைக்கு அழுதிருக்கோம். தோ பாரு, உன் வேர்ல நம்ம நத்தைக்குஞ்சு ஓடுகூட அப்டியே கீது!"

பொருநையார் திரும்பிப் பார்த்தார். உப்பளத்தாளும் பார்த்தாள்.

உச்சி தன் வேரை மெல்லச் சுருக்கினாள். கடுகளவு நத்தை ஓடு ஒன்று வேர்ச்சிக்கலுக்குள் மறைந்தது.

"யாரும்மா நீ?" என்றாள். "எனக்குத் தாங்கலும் தெரியாது, குட்டையும் தெரியாது. நான் மலையில பிறந்தவ. சீட்டைப் படிச்சுப் பாரு."

"அக்கா..."

"சும்மா அக்கா அக்கான்னு உறவு கொண்டாடாத. சேறு ஒட்டுது, தள்ளிப் படு."

உப்பளத்தாள் சிரித்துவிட்டாள். "பெரிய எடத்துல சொந்தம் பிடிக்கப் பாக்குறியா புள்ள?" என்றாள். பொருநையாரும் சிரித்தார். தங்கை ஒருவரையும் எதிர்த்துப் பேசவில்லை. அவள் தாளை எல்லோருக்கும் அடியில் வைத்தார்கள். அதற்குப் பிறகு அவள் வாய் திறக்கவே இல்லை.

அன்றும் பொருநையார் மேகக் கதை சொல்லச் சொன்னார். உச்சி சொன்னாள். முன்பைவிட நன்றாகவே சொன்னாள். கீழே ஒருத்தி கேட்டுக்கொண்டிருக்கிறாள் என்பது மட்டும் ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவில் வந்து குத்தியது.

காலம் போனது. தாமிரபரணிக் கரையை மணலுக்காகத் தோண்டினார்கள். உப்பள வரப்புக்கு சிமெண்ட் பூசினார்கள். அங்கெல்லாம் ஊசிமணிப்புல் இல்லாமல் போனது. எஞ்சியது பன்றித்தாங்கல் ஒன்றுதான். சீட்டுகளின் கணக்குப்படி மட்டும் ஏழுமுடி மலையும் இருந்தது.

ஒருநாள் காலை, அப்போதைய காப்பாளர் டாக்டர் இராஜரத்தினம் உறையைத் திறந்தார். கூடவே நகராட்சியிலிருந்து ஓர் அதிகாரி வந்திருந்தார்.

"தாங்கலைத் தூர்த்து பஸ் ஸ்டாண்டைப் பெரிசு பண்ணப் போறோம் சார். அங்க ஏதோ அபூர்வமான புல்லு இருக்குன்னு ஒரு டீச்சரம்மா மனு குடுத்திருக்காங்க. நீங்க ஒரு வார்த்தை சொல்லிட்டா முடிஞ்சிடும்."

இராஜரத்தினம் மேல்தாளை எடுத்தார். அது உச்சி. சீட்டைப் படித்தார். "இது எங்க வாத்தியார் எடுத்தது" என்றார், குரலில் கொஞ்சம் பெருமையோடு. "மலை உச்சியில இருக்குங்க. காப்புக்காடு, யாரும் கை வைக்க முடியாது. அங்க பத்திரமா இருக்கும்போது இந்தச் சேத்துல இருக்கறதைப் பத்திக் கவலைப்பட வேண்டியதில்லை."

"அப்ப அப்படியே எழுதிக் குடுத்துடுங்க சார்."

உச்சி அவர் கையில்தான் இருந்தாள். வேரை ஒரு தரம் விரித்தால் போதும், நத்தை ஓடு அவர் உள்ளங்கையில் விழும். அவளுக்கு அது தெரிந்தது. அடியிலிருந்து தங்கை தன்னைப் பார்ப்பதும் தெரிந்தது.

உச்சி வேரை இன்னும் இறுக்கிக்கொண்டாள்.

தாங்கல் தூர்ந்தது. லாரிகள் கட்டடத்தைக் கடந்து போகும்போதெல்லாம் அலமாரி அதிர்ந்தது. ஒவ்வோர் அதிர்வுக்கும் உச்சி, 'நான் எழுதலையே, அவர்தானே எழுதினார்' என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள். அது அவளுக்கே எடுபடவில்லை.

இரண்டாம் வருஷம் ஐப்பசியில் பெருமழை பெய்தது. தாங்கலுக்குப் போய்ப் பழகிய தண்ணீர் தாங்கலைக் காணாமல் தெருத்தெருவாக அலைந்தது. வீடுகளுக்குள் புகுந்தது. பட்டப்பகலில் ஹெர்பேரியத்துக்குள்ளும் வந்தது. அலமாரியின் கீழ்த்தட்டில் அல்லிகளும் கோரைகளும் இருந்தன. "தண்ணி! தண்ணி!" என்று அவை அலறுவது மேல்தட்டு வரை கேட்டது. பிறகு கேட்கவில்லை. மேல்தட்டில் இருந்த உச்சிக்கு ஒரு சொட்டுகூடப் படவில்லை. பட்டிருந்தால் நன்றாயிருக்கும் என்று நினைத்தாள்.

ஊர்க்காரர்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். தாங்கலைத் திரும்பத் தோண்டச் சொல்லித் தீர்ப்பு வந்தது. தோண்டினார்கள். தண்ணீர் திரும்பி வந்தது. புல் வரவில்லை.

அந்த வேலைக்காகத்தான் மீனலோசனி என்ற ஆராய்ச்சியாளர் ஹெர்பேரியத்துக்கு வந்தாள். கரைக்கு அதன் பழைய செடிகளைத் தேடிக் கொண்டுவந்து சேர்ப்பது அவள் பொறுப்பு. ஊசிமணிப்புல் ஏழுமுடி மலையில் இருப்பதாக உச்சியின் சீட்டைப் படித்துத் தெரிந்துகொண்டாள். மலை ஏறினாள். பல நாள் கழித்து, ஒரு காலில் கட்டோடு நொண்டிக்கொண்டே திரும்பி வந்தாள்.

"கிடைச்சுதாம்மா?" என்றார் இராஜரத்தினம்.

"இல்ல சார். உச்சி முழுக்கத் தேடினேன். பாறை வழுக்கி விழுந்ததுதான் மிச்சம்." அவள் உச்சியைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். "பெரியவர் அந்தக் காலத்துல செருப்புக்காலோட ஏறி எடுத்திருக்கார். என் கண்ணுல படலை. எனக்குத்தான் பார்க்கத் தெரியலை சார். வெக்கமா இருக்கு."

உச்சிக்கு அந்தக் கையிலேயே பொடிந்து போய்விடலாம் போலிருந்தது. ஏமாற்றியவள் தான், வெட்கப்படுகிறவள் இவள். பழி சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள்.

மீனலோசனி எல்லாத் தாள்களையும் ஜன்னலோர மேசையில் பரப்பினாள். இத்தனை காலம் ஒன்றின்மேல் ஒன்றாகக் கிடந்தவர்கள் முதல்முறையாகப் பக்கத்தில் பக்கத்தில் படுத்தார்கள். உச்சிக்கு வலப்பக்கம் தங்கை.

"பழைய விதை சில சமயம் முளைக்கும் சார். அதைப் பார்க்கலாம்" என்றாள் மீனலோசனி. பொருநையாரின் கதிர் எப்போதோ உதிர்ந்துவிட்டிருந்தது. உப்பளத்தாளின் விதைகளைப் பூச்சி தின்றிருந்தது. தங்கைக்குக் கதிரே இல்லை. "இந்த மலைத்தாள்ல மட்டும் நிறைய இருக்கு."

"அப்ப இதையே தாங்கல்ல போட்டுப் பாரேன்" என்றார் இராஜரத்தினம்.

"வேண்டாம் சார். இருக்கிறதே இவ்வளவுதான். குளிர்ல, பாறையில பிறந்த புல்லைச் சேத்துல போட்டு அழுக விடக்கூடாது. எங்க பிறந்துதோ அங்கயே போய்ச் சேரட்டும். கால் சரியானதும் மலைக்குக் கொண்டுபோய் விதைக்கிறேன். தாங்கலுக்கு... தாங்கலுக்கு இனிமே வழி இல்ல."

உச்சி கேட்டுக்கொண்டிருந்தாள். தன் பிள்ளைகள் அத்தனையும் யார் மண்ணிலோ குளிரில் விறைத்துச் சாகப்போகின்றன. பிறந்த மண் இங்கேயே, கூப்பிடு தூரத்தில், தண்ணீரோடு காத்துக் கிடக்கிறது.

அவள் தங்கையின் பக்கம் திரும்பினாள். எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு.

"நான் உன் அக்காதான்" என்றாள்.



"என்னட்டி சொல்லுத?" என்றார் பொருநையார்.

"நான் மலையைப் பார்த்ததே இல்லைங்க ஐயா. நான் தாங்கல்ல பிறந்தவ. மேகம், பனி, வரையாடு எல்லாம் அடுத்த உறையில கேட்டது. இவ என்னை அக்கான்னு கூப்பிட்டது நிஜம். நான்தான் இல்லைன்னேன்."

  "நான் கண்ண மூடிக் கேட்டேனேட்டி" என்றார் பொருநையார். அவ்வளவுதான் சொன்னார்.

உப்பளத்தாள் சும்மா இருக்கவில்லை. "எங்ககிட்டச் சொல்லி என்ன ஆகப்போகுது? அந்தப் பொண்ணுக்கு நாம பேசுறது கேக்குமா? பெத்த புள்ளைங்கள மலைக்கு அனுப்பிட்டு இங்க ஒக்காந்து அழு."

உச்சி வேரை விரிக்கப் பார்த்தாள். வராது போலிருந்தது. எத்தனை காலமாக இறுக்கிப் பிடித்த வேர்! காய்ந்து, சுருண்டு, அந்த ஓட்டைச் சுற்றி முடிச்சாகிக் கிடந்தது. அதை விரிப்பதென்றால் ஒடிப்பதுதான். உச்சி மொத்த பலத்தையும் திரட்டி விரித்தாள். பாதி வேர் சடசடவென்று நொறுங்கியது.

கடுகளவு நத்தை ஓடு வெள்ளைத் தாளில் உருண்டு வந்து மீனலோசனியின் விரலருகே நின்றது.

அவள் அதைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தாள். நொறுங்கிய வேரைப் பார்த்தாள். உதிர்ந்த மண்ணைப் பார்த்தாள். பிறகு பக்கத்தில் கிடந்த தங்கையின் வேரைப் பார்த்தாள். அங்கேயும் அதே கறுப்பு மண். அதே சாதி நத்தை ஓடுகள் இரண்டு.

"சார், இது குளத்து நத்தை. மலை உச்சியில இது எப்படி சார்?"

இராஜரத்தினம் வந்து குனிந்து பார்த்தார். நிமிர அவருக்கு நேரம் பிடித்தது.

"தாள் மாறி ஒட்டியிருக்கலாம்" என்றார்.

"சீட்டுல அவர் கையெழுத்து இருக்கு சார். அவரே ஒட்டினது."

"சௌரிராஜன் சார் எனக்குப் பாடம் சொல்லிக் குடுத்தவரும்மா. செத்துப்போன மனுஷன்." அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். "இதைத் திருத்தினா அவர் பேர் மட்டும் போகாது. இந்தத் தாளை நம்பித்தான் தாங்கல் வேண்டாம்னு நான் எழுதிக் குடுத்தேன். ஒரு எட்டு நடந்துபோய்ப் பார்த்திருக்கலாம். போகலை."

 மீனலோசனி அவரைப் பார்க்காமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

இராஜரத்தினமே பேனாவை எடுத்தார். 'ஏழுமுடி மலை, உச்சிப் புல்வெளி' என்ற எழுத்தின்மேல் நேராக ஒரு கோடு இழுத்தார். அதற்குக் கீழே 'பன்றித்தாங்கல் கரை' என்று எழுதி, அன்றைய தேதியும் போட்டுத் தன் பேரையும் எழுதினார்.

"பழைய சீட்டைக் கிழிச்சுட்டுப் புதுசு ஒட்டிடலாமா சார்?" என்று அவள் மெதுவாகக் கேட்டாள். அவருக்காகத்தான் கேட்டாள்.

"கூடாதும்மா. அடிச்சது தெரியணும். பொய்யும் படிக்கிற மாதிரியே இருக்கணும்."

உச்சியின் கதிரிலிருந்து விதைகளை மீனலோசனி இடுக்கியால் எடுத்துக்கொண்டாள். தாள்கள் திரும்ப உறைக்குள் போயின. இந்தத் தடவை உச்சி அடியில் இருந்தாள். அவளுக்கு அது ஆறுதலாகவே இருந்தது. பொருநையார் கதை கேட்கவில்லை. உப்பளத்தாள்கூட ஜாடை பேசவில்லை. மன்னிப்புக் கேட்கலாம் என்று உச்சி பல தடவை வாயெடுத்தாள். ஆனால் தங்கை எத்தனை காலம் பேசாமல் கிடந்தாள் என்பது நினைவுக்கு வரும். அவ்வளவு பெரிய மௌனத்துக்கு முன்னால் ஒற்றைச் சொல்லை எப்படி வைப்பது என்று கூசும். வாயை மூடிக்கொள்வாள்.

விதைகளில் பெரும்பாலானவை முளைக்கவில்லை. சேற்றுத்தொட்டியில் ஒரு சில மட்டும் பச்சை காட்டின. அவற்றைக் கரையில் நட்டார்கள். அவை வேர்விட்டுப் பரவின.

அடுத்த மழைக்குப் பிறகு உறை திறந்தது. பச்சைகூட முழுதாக மாறாத ஒரு குட்டிப்புல் உள்ளே வந்து சேர்ந்தாள். பன்றித்தாங்கல் கரையில் மறுபடி வளர்ந்த ஊசிமணிப்புல் என்று அவள் சீட்டு சொன்னது. வந்ததும் வராததுமாக, "எங்கம்மா இங்கதான் இருக்காங்களாமே, யாரு?" என்று கேட்டாள்.

 உச்சி முகத்தை மறைத்துக்கொள்ள இடம் தேடினாள். ஒட்டிய தாளில் ஏது இடம்?

"தோ, அடியில கீதே, அதான் உங்கம்மா" என்றது ஒரு குரல்.

தங்கையின் குரல். அந்தக் குரலை உறைக்குள் கேட்டு எத்தனையோ காலம் ஆகியிருந்தது.

குட்டி தாயைக் கண்கொட்டாமல் பார்த்தாள். ஒடிந்த வேரைப் பார்த்தாள். விதை எடுத்த வெறுங்கதிரைப் பார்த்தாள். பிறகு மூலையில் இருந்த சீட்டைப் பார்த்தாள்.

"அம்மா, உன் சீட்டுல என்ன கோடு போட்டிருக்கு?"

உச்சி வாய் திறக்குமுன் தங்கை முந்திக்கொண்டாள். "அது ஒண்ணுமில்லடி கண்ணு. எழுதுன ஆளு தப்பா எழுதிட்டாரு. உங்கம்மா இன்னா பண்ணும் பாவம்?"

பொருநையாரும் உப்பளத்தாளும் அதை மறுக்கவில்லை. இந்தப் பொய் அப்படியே இருந்துவிடவும் அவர்களுக்குச் சம்மதம்தான் போலிருந்தது.

உச்சிக்கு உடம்பெல்லாம் கூசியது. தான் தெரியாது என்று தள்ளியவள், தனக்காக இப்போது பொய் சொல்கிறாள்.

"இல்லடி" என்றாள் உச்சி. "அவர் எழுதினது ஒரு தடவைதான். அதுக்கப்புறம் சொன்னதெல்லாம் நான்."